பவுடர் மணக்கும் ரோஜா: ‘பாரிஸ்’ போட்ட அனுபவங்கள்

பிடோக் அக்கா:
இவ் சான் லோரானின் ‘பாரிஸ்’ போடுகிறவர்கள் இங்கே இன்னும் இருக்கிறீர்களா? 1983இல் வந்த சென்ட். ரோஜாவும் வயலெட் பூவும் கலந்தது. செய்தவர் சோஃபியா குரோய்ஸ்மன். 1990இல் லாங்கோம் நிறுவனத்துக்கு ‘டிரெசோர்’ சென்டைச் செய்ததும் இவர்தான், அதிலும் ரோஜா உண்டு. இரண்டையும் அடுத்தடுத்து மோந்து பார்த்தால் ஒரே கைப்பக்குவம் என்பது புரிந்துவிடும். டிரெசோரில் பழ வாசம் தூக்கல், பாரிஸில் பூ.

என் அனுபவம் இது. அடித்த உடனே கூச்சல்தான். பச்சை வாடையோடு ஈர ரோஜா ஒன்று முகத்துக்கு நேராக வந்து நிற்கும். கொஞ்சம் பொறுத்தால் அடங்கி, டால்கம் பவுடர் டப்பாவைப் புதிதாகத் திறந்தது போல ஒரு மென்மை வரும். எனக்குப் பிடித்தது அந்த இரண்டாவது பகுதி. ஆனால் நம் சிங்கப்பூர் வெயில் அதை லேசில் விடாது. புளோக்கிலிருந்து இறங்கி பஸ் நிறுத்தத்துக்கு நடப்பதற்குள் ரோஜா தித்திக்க ஆரம்பித்துவிடும். எம்ஆர்டி ரயிலுக்குள் ஏறி ஏசி பட்ட பிறகுதான் பவுடர் மேலே வரும். வெளியில் ஒரு சென்ட், உள்ளே வேறு சென்ட்.

அலுவலகத்தில் சீனத் தோழி ஒருத்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் “யாராவது பண்டுங் வாங்கி வந்தீர்களா?” என்று கேட்டாள். ரோஸ் சிரப்பில் பால் ஊற்றிக் குடித்து வளர்ந்த ஊர் இது. இங்கே ரோஜா வாசம் வந்தால் முதலில் நாக்குதான் முழித்துக்கொள்ளும். எனக்குக் கோபமே வரவில்லை.

உட்லண்ட்ஸ் தம்பி:
எங்கள் வீட்டில் இந்தக் குப்பி இருந்தது, அக்கா. பட்டை பட்டையாக வெட்டின கண்ணாடி, வெளிச்சத்தில் வைரம் மாதிரி மின்னும். 80களின் கடைசியில் அப்பாவுக்கு சாங்கி விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலை. சம்பளத்தில் மிச்சம் பிடித்து அம்மாவுக்கு வாங்கி வந்தார். கல்யாணம், கோயில் திருவிழா என்றால் மட்டும் வெளியே வரும். அம்மா வாசனை என்றால் இதுதான் என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன வருஷம் பிறந்தநாளுக்குப் புதுக் குப்பி வாங்கிக் கொடுத்தேன். அம்மா சொன்னது: “இத ஏன்டா வாங்குன? எனக்கு இது தலவலி. உங்கப்பா ஆசையா வாங்கிட்டு வந்தாரேன்னு தெளிச்சிக்கிட்டேன்.” அம்மாவுக்குப் பிடித்தது பாண்ட்ஸ் பவுடராம். இப்போது குப்பி என் மனைவியிடம். அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போய்விட்டது.

ஆர்ச்சர்ட் கவுண்டரில் நின்றவள்:
நான் சென்ட் கவுண்டரில் பல வருஷம் வேலை பார்த்தவள். இந்தப் பவுடர் விஷயத்தைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரோஜாவுக்குப் பவுடர் வாசம் கிடையாது. பன்னீரை மோந்தாலே தெரியும். பவுடர் என்று நம் மூக்கு பிடித்துக்கொள்வது வயலெட்டும் ஐரிஸும் தருகிற வாசத்தை. ஐரிஸ் செடியின் கிழங்கைத் தோண்டி, சில வருஷம் காயவைத்தால்தான் அதில் மணம் ஏறும். அந்தக் காலத்து முகப்பவுடர்களில் அதை அரைத்துச் சேர்த்தார்கள். அந்த மணம் எப்படி வருகிறது என்று தேடிக்கொண்டிருந்த ஜெர்மன் வேதியியலாளர்கள், 1893இல் அயனோன் என்ற பொருளைச் செய்துவிட்டார்கள். அது வயலெட் பூ போலவே மணந்தது. வயலெட் பூவிலிருந்து எண்ணெய் எடுப்பது கட்டுப்படியாகாத காரியம். அதனால் வயலெட் என்று சென்ட்களில் வருவது பெரும்பாலும் இந்த அயனோன் வகைதான். பவுடரிலும் அது, லிப்ஸ்டிக்கிலும் அது. பிறகு ஒரு சென்டில் அதையே மோந்தால் ஒப்பனை மேசை ஞாபகம் வராமல் என்ன செய்யும்?

இன்னொன்று முக்கியம். அயனோனுக்கு மூக்கு சீக்கிரம் பழகிவிடும். போட்டுக்கொண்டவருக்கு வாசம் காணாமல் போகும், கொஞ்ச நேரத்தில் திரும்ப வரும், மறுபடி போகும். “இது நிக்கவே மாட்டேங்குது” என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். அவர்கள் இறங்கிய லிஃப்டில் அடுத்து ஏறுகிறவருக்கு மூச்சு முட்டும். பாரிஸ் மாதிரி வயலெட் தூக்கலான சென்டை உங்கள் மூக்கை நம்பிப் போடாதீர்கள். காலையில் ஒரு தடவை, சட்டைக்கு உள்ளே. போய்விட்டது என்று தோன்றினாலும் மதியம் கைப்பையிலிருந்து எடுக்காதீர்கள். இந்த ஈரக்காற்றில் அது எங்கேயும் போயிருக்காது.

தெம்பனிஸ்வாசி:
முஸ்தபா கடையில் டெஸ்டர் பேப்பரில் அடித்துப் பார்த்தேன். சுத்தமான ஆன்ட்டி வாசனை. தாங்கவில்லை.

பிடோக் அக்கா:
ஆன்ட்டிதான், தம்பி. இந்த வயசில் வேறு எப்படி மணக்கச் சொல்கிறீர்கள்? ஆனால் பேப்பரில் மோந்துவிட்டுத் தீர்ப்பு சொல்லாதீர்கள். பேப்பரில் அந்த முதல் கூச்சல் ரொம்ப நேரம் நிற்கும். கையில் போட்டுக்கொண்டு லிட்டில் இந்தியா தேக்காவில் ஒரு சுற்று சுற்றிவிட்டு, குளிர்ந்த இடமாகப் பார்த்து உட்கார்ந்து மோந்து பாருங்கள். அப்போதும் பிடிக்கவில்லை என்றால் சரி, விட்டுவிடுங்கள்.

அரபு ஸ்திரீட் நண்பர்:
நான் அத்தர் ஆள். எங்கள் அத்தா தொழுகைக்குப் போகும்போது ஆல்கஹால் இல்லாததுதான் போடுவார், அந்தப் பழக்கம் எனக்கும் வந்துவிட்டது. உத்தரப் பிரதேசத்துக் கன்னோஜில் ரோஜா அத்தர் எடுக்கும் முறையே வேறு. செப்புப் பாத்திரத்தில் இதழும் தண்ணீரும் போட்டு அடுப்பேற்றுவார்கள். வருகிற ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்குவார்கள். அதனால் ரோஜாவுக்கு அடியில் பவுடர் இருக்காது, கட்டை இருக்கும். வெயிலில் திகட்டுவதும் குறைவு. கலப்பில்லாத ரோஜா எண்ணெய் என்று மலிவாகக் கொடுத்தால் மட்டும் நம்பாதீர்கள். ஒரு கிலோ எண்ணெய்க்கு மூன்று டன்னுக்கு மேல் இதழ் வேண்டும்.

சொல்லிவிட்டேனே தவிர, என் மனைவி பாரிஸ்தான் போடுகிறாள். நோன்புப் பெருநாள் அன்று கூடத்தில் இரண்டும் சேர்ந்து மணக்கும்போது குறை சொல்ல எனக்கு வாய் வராது.

பொங்கோல் புதுசு:
அடுத்த மாதம் தங்கைக்கு நிச்சயதார்த்தம். பட்டுப்புடவை, தலை நிறைய மல்லிகை, மண்டபம் ஏசி. நான் பாரிஸ் போடலாமா?

ஆர்ச்சர்ட் கவுண்டரில் நின்றவள்:
புடவை மேல் நேரடியாக அடிக்காதீர்கள், பட்டில் கறை விழும். புடவை கட்டுவதற்கு அரை மணி நேரம் முன்னால் தோளிலும் முழங்கை மடிப்பிலும் போட்டு உலரவிடுங்கள்.

பிடோக் அக்கா:
மல்லிகையைப் பற்றி நான் சொல்கிறேன். பஃபலோ ரோட்டில் வாங்கின சரத்தை வைத்துக்கொண்டு இதைப் போட்டுப் பார்த்திருக்கிறேன். ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுக்காது. மல்லிகை வாடத் தொடங்கும் நேரத்தில் கனமாகும், பாரிஸும் அதே நேரத்தில்தான் இனிக்கும், பக்கத்தில் இருப்பவருக்குத் தலை கிறுகிறுக்கும். தலையில் மல்லிகைதான் வேண்டும் என்றால் அன்றைக்கு சென்டை விட்டுவிடுங்கள். சென்ட்தான் வேண்டும் என்றால் கனகாம்பரம் வையுங்கள், அதற்கு வாசமே கிடையாது.

பொங்கோல் புதுசு:
கனகாம்பரம் எங்கே கிடைக்கும், அக்கா?

பிடோக் அக்கா:
தேக்கா பூக்கடைகளில் முதல் நாளே சொல்லி வைத்துவிடுங்கள். அன்றைக்குப் போய்க் கேட்டால் மல்லிகையைத்தான் கட்டிக் கொடுப்பார்கள்.