கூட்டுக் கடற்பயிற்சியில் உண்மையில் எதைப் பழகுகிறார்கள்?

பாகான் ஜெர்மால் வாசகன்:
ஃபெர்ரியில் தீவுக்குச் சென்றுகொண்டிருந்தபோது தூரத்தில் ஒரு போர்க்கப்பலைக் கண்ட என் மகன், "சண்டையே இல்லாத கடலில் நம் கடற்படையும் அயல்நாட்டுக் கடலோரக் காவல்படைகளும் சேர்ந்து என்னதான் பயிற்சி செய்கிறார்கள்?" என்று கேட்டான். நாளிதழ்ப் படங்களில் அதிகாரிகள் கைகுலுக்குவதைத் தவிர வேறெதுவும் தெரிவதில்லை. விவரமறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

லூமுட் பழையவர்:
கடற்படையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன், ஐயா. பீரங்கி முழக்கம் ஒரு சிறு பகுதிதான். சந்தேகக் கப்பலில் ஏறிச் சோதனையிடுவதற்கே அதிக வியர்வை சிந்த வேண்டியிருக்கும். ஓடும் கப்பலின் விலாவை ஒட்டி ரப்பர் படகைச் செலுத்தி, அலை நம்மை உச்சிக்குத் தூக்கும் நொடியில் கயிற்றேணிக்குத் தாவிவிட வேண்டும். அலை இறங்கும்போது தாவினால், அடுத்த அலையில் மேலெழும் படகு காலை நசுக்கிவிடும். மேலே ஏறிய பிறகு கைது செய்வதும் சாட்சியங்களைச் சிதையாமல் காப்பதும் சட்ட அமலாக்க வேலை. நம் மலேசியாவில் அதற்கென்றே 2004-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் கடல்சார் அமலாக்க நிறுவனம் அமைக்கப்பட்டு, 2005 நவம்பரில் பணியைத் தொடங்கியது. கடற்படையும் இந்த நிறுவனமும் ஒன்றையொன்று புரிந்துகொண்டு இயங்குவதற்குப் பழக்கம் தேவை.

கிள்ளான் சாலை:
கோலாலம்பூரில் கப்பல் காப்புறுதித் துறையில் இருக்கிறேன். 1999 அக்டோபரில், சுமத்ராவின் கோலா தஞ்சோங் துறைமுகத்திலிருந்து அலுமினியக் கட்டிகளுடன் புறப்பட்ட 'அலோண்ட்ரா ரெயின்போ' என்ற ஜப்பானியருக்குச் சொந்தமான கப்பல் கடத்தப்பட்டது. மாலுமிகள் 17 பேரும் மிதவைப் படகில் இறக்கிவிடப்பட்டு, பத்து நாள் போல அலைந்த பின்னரே தாய்லாந்து மீனவர்களால் மீட்கப்பட்டனர். கோலாலம்பூரிலுள்ள கடற்கொள்ளைத் தகவல் மையம் எச்சரிக்கையைப் பரப்ப, பெயர் மாற்றப்பட்டிருந்த அந்தக் கப்பலை இந்தியக் கடலோரக் காவல்படையும் கடற்படையும் அரபிக்கடலில் துரத்திப் பிடித்தன. அடுத்த ஆண்டே இந்திய, ஜப்பானியக் கடலோரக் காவல்படைகள் கூட்டுப் பயிற்சியைத் தொடங்கின. பிடிப்பதோடு வேலை முடிவதில்லை என்பதையும் இவ்வழக்கு காட்டியது: மும்பை நீதிமன்றம் 2003-இல் தண்டித்தவர்களை மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றம் விடுவித்தது. கடற்கொள்ளைக்கென்று தனிச் சட்டம் இந்தியாவுக்கு 2022-இல்தான் வந்தது.

நம் மலாக்கா நீரிணையைப் பொறுத்தவரை, 2005 ஜூனில் லண்டன் காப்புறுதிக் குழு இதைப் போர் அபாயப் பட்டியலில் (கப்பல்களுக்கு ஆபத்து மிகுந்ததாகக் கருதப்படும் கடற்பகுதிகளின் பட்டியலில்) சேர்த்து, 2006 ஆகஸ்டில் நீக்கியது. மலேசியா, இந்தோனேசியா, சிங்கப்பூர் ஆகிய நாடுகள் 2004-இல் தொடங்கிய ரோந்துக்கும், மறு ஆண்டு சேர்ந்த வான்வழிக் கண்காணிப்புக்கும் இதில் பங்குண்டு என்பது என் கருத்து. 2008-இல் தாய்லாந்தும் இணைந்தது.

லூமுட் பழையவர்:
ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: அது ஒருங்கிணைந்த ரோந்து, கூட்டு ரோந்து அன்று. துரத்தப்படும் படகு அண்டை நாட்டுக் கடல் எல்லைக்குள் நுழைந்துவிட்டால் நாம் நின்றுவிட வேண்டும். அதன் இருப்பிடம், திசை, வேகம் ஆகியவற்றை மறுபக்கத்தாரிடம் வானொலியில் ஒப்படைக்க வேண்டும். ஒரு எண்ணைத் தவறாகக் கேட்டாலும் படகு தப்பிவிடும்.

பாகான் ஜெர்மால் வாசகன்:
இருவருக்கும் நன்றி, ஐயா. மகனிடம் கயிற்றேணி விஷயத்தைச் சொன்னேன். இரவில் அலையின் உச்சியை எப்படிக் கண்டுகொள்வார்கள் என்று கேட்கிறான்.

லூமுட் பழையவர்:
கண்ணை நம்புவதில்லை, தம்பியிடம் சொல்லுங்கள். முழங்காலைச் சற்று மடக்கி நின்றால், படகு ஏறுவதும் இறங்குவதும் காலிலேயே தெரிந்துவிடும்.