வி-கிராஸ் பிக்கப்பைக் கொடுத்துட்டு சின்ன கார்: கணக்கு நிக்குமா?

தென்னந்தோப்பு (கேள்வி)

வண்டி 2019 இசுஸு டி-மேக்ஸ் வி-கிராஸ். 2.5 டீசல், பிஎஸ்4, 4x4, வெள்ளை போர்டு, 1,18,000 கி.மீ. ஓடியிருக்கு. கடன்ல இன்னும் 7 தவணை பாக்கி.

ஓட்டம்: பொள்ளாச்சி – கோயம்புத்தூர், போக வர தினமும் 80 கி.மீ., பெரும்பாலும் ஒரே ஆள். வருஷத்துக்கு 20,000 கி.மீ. வருது. மாசம் ரெண்டு தடவை தோப்புக்கு உரமும் மாட்டுத் தீவனமும், எட்டுப் பத்து மூட்டை. டிஸ்ப்ளேல மைலேஜ் 11.8 காட்டுது. டயர் கம்பெனி அளவை விட ஒரு சைஸ் பெரிசு.

ஷோரூம்ல எக்ஸ்சேஞ்சுக்கு 9.25 லட்சம், அது போக போனஸ் 40,000 சொல்றாங்க. பார்த்து வச்சிருக்கறது ஸ்விஃப்ட் பெட்ரோல், இல்லைன்னா வேகன்ஆர் சிஎன்ஜி. டீசல் செலவு குறையணும்கறதுதான் நோக்கம். எதை எதைக் கணக்குல எடுக்கணும்?

மில்லி லிட்டர் (பதில்)

முதல்ல அந்த 11.8ஐ நம்பாதீங்க. பெரிய டயர் போட்டா ஒரு சுற்றுக்கு வண்டி கூடுதல் தூரம் போகும், மீட்டர் பழைய சுற்றளவை வச்சே எண்ணும். சுற்றளவு 4% கூடியிருந்தா உங்க உண்மையான மைலேஜ் 12.3 பக்கம். உறுதி பண்ண ஒரே பங்க், ஒரே பம்ப், பம்ப் தானா முதல் தடவை நிக்கற (ஆட்டோ-கட்) வரைக்கும் ஃபுல் டேங்க். டிரிப் மீட்டரை பூஜ்யம் பண்ணி 400 கி.மீ.க்குக் குறையாம ஓட்டி, திரும்ப அதே பம்ப்ல முதல் கட் வரை நிரப்புங்க. தூரத்தை மொபைல் மேப்ல இருந்து எடுங்க, மீட்டர்ல இருந்து வேண்டாம். மூணு தடவை செஞ்சு சராசரி பார்த்தாப் போதும்.

இனி கணக்கு. 20,000 கி.மீ.யை 12.3ஆல வகுத்தா 1,625 லிட்டர் சொச்சம். டீசல் 92 ரூபாய்னு வச்சா ஒன்றரை லட்சம். ஸ்விஃப்ட் கம்பெனி கணக்குல 24.8 சொல்லும். நீங்க 20 வச்சுக்கங்க. எத்தனால்ல பெட்ரோலை விட மூணுல ஒரு பங்கு சக்தி கம்மி, 20% எத்தனால் கலந்த இ20 பெட்ரோல்ல அது தெரியத்தான் செய்யும். 1,000 லிட்டர், 101 ரூபாய்னா 1.01 லட்சம். ஆக மிச்சம் வருஷத்துக்கு 49,000 கிட்ட. பலர் மனசுல நினைக்கற மாதிரி செலவு பாதியாயிடாது, ஏன்னா மைலேஜ் ரெண்டு மடங்கு ஆகலை, பெட்ரோலும் லிட்டருக்கு 9 ரூபாய் ஜாஸ்தி.

பராமரிப்புலயும் கொஞ்சம் மிஞ்சும். 4x4ல இன்ஜின் ஆயில் தவிர கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் டிஃபரன்ஷியல், பின் டிஃபரன்ஷியல்னு நாலு இடத்துல ஆயில் மாத்தணும். சின்ன கார்ல கியர்பாக்ஸ் ஒண்ணுதான், டிஃபரன்ஷியலும் அதுக்குள்ளயே. டயரும் 165/80 ஆர்14 விலைக்கும் பிக்கப் டயர் விலைக்கும் ஏணி வச்சாலும் எட்டாது.

ஃபாரம் முப்பது

மேலே சொன்ன 49,000ஐ அப்படியே லாபம்னு எழுதிடாதீங்க. ஷோரூம் விலை 7 லட்சம்னா தமிழ்நாட்டு ஆயுள் வரி 13% (5 முதல் 10 லட்சம் வரைக்கான விகிதம்), அதாவது 91,000. அதோட இன்சூரன்ஸ், பதிவுச் செலவு. இந்தப் பணம் வண்டி வாங்கின அன்னிக்கே போச்சு, விக்கும்போது திரும்பாது. ரெண்டு, ரெண்டரை வருஷ எரிபொருள் மிச்சம் இதுக்கே சரியாப் போகும்.

அதை விடப் பெரிய ஓட்டை எக்ஸ்சேஞ்ச் விலை. வி-கிராஸ் மாதிரி வண்டிக்கு வாங்கறவங்க கம்மி, ஆனா தேடி வாங்கறவங்க. தெருவுக்குத் தெரு வித்துடலாம்னு ஷோரூம்காரர் நினைக்க மாட்டார், அதனால விலையைத் தட்டித்தான் சொல்வார். வெளியில 10.75க்குப் போனா போனஸ் கழிச்சும் 1.10 லட்சம் வித்தியாசம். அது ரெண்டு வருஷ டீசல் மிச்சத்துக்கு மேல. பழைய வண்டி விலை, புது வண்டி தள்ளுபடி, போனஸ் மூணையும் தனித்தனி வரியா எழுதி வாங்குங்க. ஒண்ணாச் சேர்த்துச் சொன்னா எதைக் கூட்டி எதைக் குறைச்சாங்கன்னு தெரியாது. வெளியில வித்து, ஆர்சி மாறின நகல் கொடுத்தா போனஸ் கிடைக்குமான்னும் கேளுங்க. தர்றவங்க இருக்காங்க.

விக்கறதுக்கு முன்னாடி அந்தப் பெரிய டயரைக் கழட்டிப் பழைய அளவு போடுங்க. புல் பார் இருந்தா அதையும் எடுத்துடுங்க. பின்னாடி கேனோப்பி (பாரத் தொட்டிக்கு மேல மூடற கூடு) இருந்தா தனியா வித்தா நல்ல விலை.

காகிதம்: பேங்க்ல மீதிக் கடனை முடிக்கற தொகைக்குக் கடிதம் வாங்கிக் கட்டி, என்ஓசியும் (ஆட்சேபனை இல்லைங்கற கடிதம்) ஃபாரம் 35ம் வாங்கி ஆர்சில ஹைப்போதிகேஷனை, அதாவது பேங்க் கடன் பதிவை, நீக்கணும். தனிநபருக்கு வித்தா பேர் மாத்த ஃபாரம் 29, 30. வேற மாநிலம்னா ஃபாரம் 28ல என்ஓசி. கேரளாக்காரர் வாங்கினா அங்க கட்ட வேண்டிய வரியை உங்க விலையிலதான் கழிப்பார். பதிவு பெற்ற டீலர்கிட்ட விட்டா வண்டியை அவர்கிட்ட ஒப்படைச்சதைத் தெரிவிக்கற ஃபாரம் 29சி போட்டாச்சான்னு பாருங்க. வெறும் டெலிவரி நோட்டை நம்பி சாவியைக் கொடுக்காதீங்க. ஆர்சில யார் பேரோ அவர்தான் விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்புன்னு 2018ல உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு.

இன்சூரன்ஸ்ல க்ளெய்ம் இல்லாம ஓட்டியிருந்தா என்சிபி (நோ க்ளெய்ம் போனஸ்) கடிதம் கேட்டு வாங்குங்க. அஞ்சு வருஷம்னா 50%, மூணு வருஷத்துக்குச் செல்லும், புது காரோட ஓன் டேமேஜ் (சொந்த வண்டி சேதத்துக்கான) பிரீமியத்துல கழியும். இதை ஷோரூம் தானா ஞாபகப்படுத்தாது. பழைய ஃபாஸ்டேகை மூடிடுங்க. டோலுக்கு வருஷ பாஸ் எடுத்திருந்தா அது புது வண்டிக்கு மாறாது.

பாரவண்டி

மூட்டையைப் பத்தி யாரும் பேசலை. யூரியா 45 கிலோ, டிஏபி 50, தீவனம் 50. பத்து மூட்டைன்னா அரை டன். ஸ்விஃப்ட்ல ஆளும் சாமானும் சேர்த்தே ஏறக்குறைய 450 கிலோதான் தாங்கும், டிக்கி 265 லிட்டர். பின் சீட்டை மடிச்சு நாலு மூட்டை வச்சாலே பின்பக்கம் உக்காந்துடும். 163 மி.மீ. கிரவுண்ட் கிளியரன்ஸ் இன்னும் குறைஞ்சு வரப்பு மேட்டுல அடி தட்டும். வி-கிராஸ்ல 225 இருந்தது.

குட்டியானை வாடகை ஒரு நடைக்கு 1,200னு வச்சா மாசம் ரெண்டு நடை, வருஷத்துக்கு 28,800. 49,000ல பாதிக்கு மேல போயிடுச்சு பாருங்க. நடைக்கு அரை டன்னுக்குப் பதிலா முக்கால் டன் இறக்கினா வருஷத்துக்கு 16 நடை, 19,200ல முடியும். குட்டியானை அதைத் தாங்கும், தீவனம் நமுக்காம வைக்க இடம் இருந்தாச் சரி.

இன்னொண்ணு, பிக்கப் ஓட்டின கை குழியைப் பார்த்தாலும் வேகத்தைக் குறைக்காது. அதே பழக்கத்துல சின்ன கார் ஓட்டினா டயர் பக்கவாட்டுல வீங்கும், ரிம் வளையும், சஸ்பென்ஷன்ல லோயர் ஆர்ம் புஷ்ங்கற ரப்பர் சீக்கிரம் போகும்.

தென்னந்தோப்பு

மூட்டைக் கணக்கு நான் போடவே இல்லைங்க. குடோன் இருக்கு, மொத்தமா இறக்கிக்கலாம். அப்போ சிஎன்ஜி எடுத்தா கணக்கு மாறுமா?

200 பார்

மாறும்ங்க. கிலோவுக்கு 28 கி.மீ., விலை 95னு வச்சா வருஷத்துக்கு 68,000. இப்ப செய்யற செலவுல இருந்து 82,000 மிச்சம், பெட்ரோல் கார்ல இருந்து 33,000. சிஎன்ஜி மாடலுக்கு 90,000 பக்கம் கூடுதல் விலைன்னா மூணு வருஷத்துக்குள்ள அது திரும்பிடும்.

அதுக்குக் கொடுக்கற விலை வேற இடத்துல. 60 லிட்டர் சிலிண்டர் டிக்கில உக்காந்துடும், ஒரு பைக்குத்தான் இடம். பங்க்ல 200 பார் அழுத்தம் முழுசா இருந்தா எட்டு, எட்டரை கிலோ ஏறும். கூட்டத்துல கம்ப்ரஸர் திணறினா ஆறு கிலோல நின்னுடும். எட்டு கிலோன்னா உங்க ஓட்டத்துக்கு ரெண்டே முக்கால் நாள், அதனால போற வழியிலேயே பங்க் இருக்கணும், வரிசையில எவ்வளவு நேரம் நிக்குதுன்னு காலையில ஒரு நாள் போய்ப் பாருங்க. வேகன்ஆரோட ஒரு லிட்டர் இன்ஜின் பெட்ரோல்ல 67 குதிரைத்திறன், கேஸ்ல 57. கிணத்துக்கடவு பக்கம் லாரியை முந்தறப்ப கீழ் கியர் போட்டே ஆகணும். மூணு வருஷத்துக்கு ஒரு தடவை சிலிண்டருக்கு ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணி அழுத்தச் சோதனை) கட்டாயம், சர்டிபிகேட் இல்லைன்னா பங்க்ல கேஸ் போட மாட்டாங்க.

ஃபாரம் முப்பது

பிக்கப்பையும் வச்சுக்கிட்டுப் பழைய வேகன்ஆர் ஒண்ணு வாங்கிக்கலாமேன்னு அடுத்து யாராவது சொல்வாங்க. ரெண்டு இன்சூரன்ஸ், மாசம் ரெண்டு நாள் மட்டும் நகர்ற வண்டிக்கு பேட்டரி, டயர், அது போக வருஷா வருஷம் இறங்கற விலை. மூட்டைக்குக் குட்டியானை கிடைக்கற ஊர்ல அது வேண்டாம். நீங்க முதல்ல பேங்க்ல அந்தக் கடிதத்தை வாங்குங்க, வெளியில மூணு பேர்கிட்ட விலை கேளுங்க. புது கார் புக்கிங் அதுக்கப்புறம்.