ஒரு வயலின் கலைஞரின் நான்கு போட்டோக்கள்: அதில் ஒன்றைப் பெரும்பாலோர் 'சோகம்' என்கிறார்கள், ஏன்?

வெளிச்சம்தேடி கேட்டது:

எனக்குப் பல வருடமாகப் பழக்கமான வயலின் கலைஞர் ஒருவர், 58 வயது, தன் ஆல்பத்துக்கு அட்டைப்படம் எடுத்துத் தரச் சொன்னார். இரண்டு சாயங்காலம் அவர் வீட்டிலேயே உட்கார்ந்து ஜன்னல் வெளிச்சத்தில் கருப்பு வெள்ளையில் எடுத்தேன். அதில் நான்கைத் தேர்ந்தெடுத்து, அவரைத் தெரியாத பதினோரு பேரிடம் ஒவ்வொருவராகக் காட்டி, "பார்த்ததும் மனதில் என்ன தோன்றுகிறதோ ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்" என்று கேட்டேன்.

முதல் படத்தில் கண்ணை மூடி வாசிக்கிறார். அதற்கு 'பக்தி', 'வலி', 'தவிப்பு' என்று பலவிதமாகச் சொன்னார்கள். இரண்டாவதில் வயலின் இல்லை, நேராகக் கேமராவைப் பார்க்கிறார், மிக அருகிலிருந்து எடுத்தது. 'கர்வம்', 'கோபம்' என்றார்கள், ஒருவர் 'பயமாக இருக்கிறது' என்று சொல்லிவிட்டு உடனே அடுத்த படத்துக்குப் போய்விட்டார். நான்காவதில் கைகள் மட்டும்.

என் குழப்பம் மூன்றாவது படம். வயலினை மடியில் வைத்துக்கொண்டு, தலையைக் கொஞ்சம் சாய்த்து, பார்வையைத் தாழ்த்தி உட்கார்ந்திருக்கிறார். பதினோரு பேரில் ஒன்பது பேர் சோகம், தனிமை, இழப்பு என்று இந்த மாதிரி வார்த்தைகளையே சொன்னார்கள். ஒரு பெண் அதைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார், கண் கலங்கிவிட்டது. ஆனால் அந்த நொடியில் நான் அங்கே இருந்தேனே! ஜன்னல் ஓரத்தில் போனை வைத்து, தன் மாணவி அனுப்பிய பதிவைக் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் "நன்றாக வாசித்திருக்கிறாள்" என்று சொன்னார். சோகம் எங்கிருந்து வந்தது?

படத்தைப் பார்த்துவிட்டு அவரும் "இது நான் இல்லை" என்று சொல்லிவிட்டார். எனக்கோ நான் எடுத்ததிலேயே சிறந்த படம் அதுதான் என்று தோன்றுகிறது. பார்க்கிறவர்களுக்கு வரும் உணர்ச்சி படத்தில் இருப்பதா, அவர்களே கொண்டுவந்து போடுவதா? அட்டைக்கு எதை வைப்பது?

---

ஐம்பது எம்எம் எழுதியது:

உணர்ச்சியைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் வெளிச்சத்தையும் தூரத்தையும் பார்த்துவிடுங்கள். நீங்கள் விவரிப்பதை வைத்தே பாதிக் காரணம் தெரிகிறது.

மூன்றாவது படத்தில் அவர் பார்வை கீழே இருக்கிறது. இமை தாழ்ந்தால் கண்மணியில் விழும் வெளிச்சப் புள்ளி மறைந்துவிடும். அந்தச் சின்ன வெள்ளைப் புள்ளி இல்லாத கண்ணைப் பார்த்தால் நமக்கு உயிர் குறைந்த மாதிரி, மனது எங்கோ போய்விட்ட மாதிரித் தோன்றும். அதோடு ஒற்றை ஜன்னல், மறுபக்கம் வெளிச்சத்தைத் திருப்பிவிட எதுவும் வைக்கவில்லை என்றால் பாதி முகம் இருட்டு. கருப்பு வெள்ளை வேறு. தலைச்சாய்வு, தாழ்ந்த இமை, பாதி நிழல் மூன்றும் சேர்ந்தால், அங்கே உட்கார்ந்திருப்பவர் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தால்கூட 'சோகம்' என்றுதான் சொல்வார்கள்.

இரண்டாவதற்கு லென்ஸ் மேல் பழி போட வேண்டாம், நின்ற தூரம்தான் காரணம். இரண்டடியில் நின்று எடுத்தால் மூக்கு முன்னே வந்து காது பின்னால் போய்விடும், பார்க்கிறவருக்கு யாரோ தன் முகத்துக்கு நேரே வந்து நிற்கிற உணர்வு வரும். இப்படி மிக அருகிலிருந்து எடுத்த முகங்களை, கொஞ்சம் தள்ளி நின்று எடுத்த அதே முகங்களைவிட நம்பிக்கை குறைவானவையாக மக்கள் மதிப்பிட்டதாக 2012-ல் ஒரு ஆய்வே வந்திருக்கிறது. ஆறேழு அடி தள்ளி நின்று 85 எம்எம் லென்ஸில் அதே பார்வையை எடுத்துப் பாருங்கள், பாதி 'கோபம்' காணாமல் போகும்.

போட்டோ கலைஞர் ஆர்னால்ட் நியூமன் 1946-ல் இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியை எடுத்த படம் தெரியுமா? திறந்து நிற்கும் பெரிய பியானோ மூடிதான் படத்தை ஆள்கிறது, இசையமைப்பாளர் கீழே மூலையில் தலையைக் கையில் சாய்த்துச் சின்னதாக இருக்கிறார். முகத்தில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு கறார்த்தன்மை, கொஞ்சம் குளிர்ச்சி, கூடவே பெரிய மரியாதை. இது அத்தனையும் அந்தக் கறுப்பு வடிவமும், நியூமன் ஓரங்களை வெட்டி இறுக்கமாக கிராப் செய்ததும் தருவது. அந்தப் படத்தைக் கேட்டு வாங்கிய பத்திரிகை அதைப் போடவில்லை என்பது இன்றைக்கு நம்பவே முடியாத விஷயம்.

---

நான்காம் தந்தி எழுதியது:

வெளிச்சம் பற்றி அவர் சொன்னது சரி. ஆனால் நான் முப்பது வருடமாக வயலின் வாசிக்கிறவன், வாசிக்கிற பக்கத்திலிருந்து ஒன்று சொல்ல வேண்டும்.

கூர்ந்து கேட்கும் முகமும் துக்கப்படுகிற முகமும் வெளியிலிருந்து பார்த்தால் ஏறக்குறைய ஒன்றுதான். காதைத் தீட்டிக்கொண்டு கேட்கும்போது முகத்தில் மற்ற வேலையெல்லாம் நின்றுவிடும். வாய் தளரும், கண் எதையும் பிடிக்காமல் கீழே இறங்கும், புருவ நடுவில் ஒரு மடிப்பு விழும். அடுத்து வரப்போகும் சுரம் சரியாக விழுமா என்று காத்திருக்கிற மடிப்பு அது. என் பிள்ளைகளே சின்ன வயதில், நான் பதிவு கேட்கும்போது "ஏன் அழுகிற மாதிரி இருக்கீங்க?" என்று கேட்டிருக்கிறார்கள்.

உங்கள் முதல் படத்துக்கும் இதையேதான் சொல்வேன். வயலினைத் தாடையில் அழுத்திப் பிடிக்கும்போது தாடை ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டு வாயோரம் கீழே இழுபடும். அது வலியும் இல்லை, பக்தியும் இல்லை, பிடிமானம். கண்ணை மூடுவது பெரும்பாலும் எதிரே நடப்பதைப் பார்த்துக் கவனம் சிதறக் கூடாது என்பதற்காக.

ஆனாலும் பார்வையாளர்களைக் குறை சொல்ல மாட்டேன். இசையைக் கேட்க வருகிறவர்கள் கண்ணாலும்தான் கேட்கிறார்கள். 2013-ல் வந்த ஒரு ஆய்வில், இசைப் போட்டிகளில் யார் ஜெயித்தார்கள் என்பதை ஒலியை மட்டும் கேட்டவர்களைவிட, ஒலியே இல்லாத வீடியோவைப் பார்த்தவர்கள் அதிகம் சரியாகச் சொன்னார்கள். இசை பயின்றவர்களும் அப்படித்தான். முதல்முறை இதைப் படித்தபோது எனக்கு மனது கஷ்டமாக இருந்தது, இத்தனை வருடப் பயிற்சி எதற்கு என்று. இப்போது பழகிவிட்டது, நாம் வாசிப்பது உடம்பு முழுவதிலும் தெரிகிறது என்று எடுத்துக்கொள்கிறேன்.

இன்னொன்று. போட்டோ கலைஞர் யூசுப் கார்ஷ் 1954-ல் செல்லோ (வயலின் குடும்பத்துப் பெரிய வாத்தியம்) கலைஞர் பாப்லோ கஸல்ஸை எடுத்த படத்தை அவசியம் பாருங்கள். பிரெஞ்சு நாட்டு ப்ராட் ஊரில், பழைய மடத்தின் வெறும் கல் அறை, உயரத்தில் ஒரு சின்ன ஜன்னல், செல்லோவோடு உட்கார்ந்திருக்கும் கஸல்ஸ் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருக்கிறார். முகமே இல்லை. சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சியை ஏற்காமல் ஸ்பெயினை விட்டு வெளியே வாழ்ந்த மனிதர். பாஸ்டன் அருங்காட்சியகத்தில் அந்தப் படம் இருந்தபோது ஒரு முதியவர் தினமும் வந்து அதன் முன்னால் நிற்பாராம். ஏன் என்று கேட்ட காப்பாளரிடம், பேசாமல் இரு, நான் இசையைக் கேட்டுக்கொண்டிருப்பது தெரியவில்லையா என்றாராம். கார்ஷே சொல்லியிருக்கும் சம்பவம். உங்கள் நான்காவது படத்தை, அந்தக் கைகளை, இரண்டு வார்த்தையில் கடந்து போய்விட்டீர்கள். அதைப் பற்றி யாரும் ஒன்றுமே சொல்லவில்லையா?

---

பழைய ஆல்பம் எழுதியது:

என்ன தெரிந்துகொண்டு பார்க்கிறோம் என்பதை யாரும் இன்னும் தொடவில்லை.

1980 டிசம்பர் 8 அன்று போட்டோ கலைஞர் ஆனி லீபோவிட்ஸ், பீட்டில்ஸ் பாடகர் ஜான் லெனனையும் அவர் மனைவி யோகோ ஓனோவையும் அவர்களுடைய நியூயார்க் வீட்டில் எடுத்தார். உடையில்லாத லெனன், உடையணிந்த யோகோவைக் குழந்தை மாதிரிச் சுருண்டு கட்டிக்கொண்டிருக்கிறார். எடுத்த நேரத்தில் அது காதல் படம். லெனனுக்குப் பிடித்திருந்தது, தங்கள் உறவு அப்படியே வந்திருக்கிறது என்று சொன்னதாக லீபோவிட்ஸ் சொல்லியிருக்கிறார். அன்று இரவே லெனன் சுட்டுக் கொல்லப்பட்டார். 1981 ஜனவரியில் அது ரோலிங் ஸ்டோன் பத்திரிகை அட்டையில் வந்தபோது உலகம் பார்த்தது விடைபெறுகிறவரின் கடைசி அணைப்பு. படத்தில் ஒரு புள்ளிகூட மாறவில்லை. என்னால் இன்றும் அதைக் காதல் படமாக மட்டும் பார்க்க முடியவில்லை, எவ்வளவு முயன்றாலும்.

பியானோ இசையமைப்பாளர் ஷோபனின் போட்டோவும் அப்படித்தான். 1849 வாக்கில் பாரிஸில் எடுத்தது, அந்த வருடம் அக்டோபரில் இறந்துவிட்டார். வீங்கின மாதிரி முகம், நெரித்த புருவம். நோயாளியாக இருந்தது உண்மைதான், ஆனால் அந்தக் காலத்துக் கேமராவுக்கு முன்னால் பல நொடி ஆடாமல் அசையாமல் முகத்தைப் பிடித்துவைக்க வேண்டும், யாராலும் அவ்வளவு நேரம் சிரித்த முகமாக இருக்க முடியாது. அதில் எவ்வளவு நோய், எவ்வளவு காத்திருப்பு என்று யாரால் பிரித்துச் சொல்ல முடியும்? நாம் அவர் இசையைக் கேட்டுவிட்டு வந்து அத்தனையையும் அந்த முகத்தில் ஏற்றிவிடுகிறோம்.

ஒரே முகத்தை ஒரு முறை உணவுக்குப் பக்கத்திலும் ஒரு முறை சவப்பெட்டிக்குப் பக்கத்திலும் ஒட்டிக் காட்டினால் பார்க்கிறவர்கள் முதலில் பசியையும் அடுத்து துயரத்தையும் பார்ப்பார்கள் என்று ரஷ்ய இயக்குநர் குலெஷோவ் சொன்னது சினிமாவில் பாடமாகவே இருக்கிறது. உங்கள் படத்தில் சவப்பெட்டியின் வேலையைச் செய்வது மடியில் இருக்கும் வயலின் என்று நினைக்கிறேன். வாசிக்கப்படாத வாத்தியம். அதைப் பார்த்ததும் "இனி வாசிக்க மாட்டாரோ" என்று மனது தானாகவே ஒரு கதையைத் தொடங்கிவிடுகிறது. சோதித்துப் பாருங்கள்: புதிதாகச் சிலரிடம், "மாணவியின் பதிவைக் கேட்கிறார்" என்று முதலிலேயே சொல்லிவிட்டுக் காட்டுங்கள்.

---

மௌனசுரம் எழுதியது:

என் அம்மா பாடகி. எனக்குப் பத்து வயதில், அவர் பாடிக்கொண்டிருந்த மேடைக்குப் பக்கத்தில் போய் நானே ஒரு போட்டோ எடுத்தேன். புருவத்தை நெரித்து என்னையே பார்க்கிறார். மேடைக்கு வந்ததற்காக என் மேல் கோபம் என்று நினைத்து அந்தப் படத்தைப் பல வருடம் ஒளித்துவைத்திருந்தேன். அப்புறம் ஒரு நாள் அம்மாவிடம் காட்டிக் கேட்டேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லையாம். தொண்டை கட்டிக்கொண்டிருந்தது, அடுத்த பாட்டில் மேல் ஸ்தாயி எட்டுமா என்ற பயமாம். இப்போது அவர் இல்லை, படம் என் மேஜையில் இருக்கிறது.

மேலே மூன்று பேரும் நன்றாக விளக்கினீர்கள், நிறையத் தெரிந்துகொண்டேன். ஆனால் வெளிச்சம், தாடை, கதை என்று எல்லாவற்றையும் கழித்துவிட்டால் பார்த்தவர்கள் ஏமாந்தவர்கள் என்று ஆகிவிடுகிறது, அதை என்னால் ஏற்க முடியவில்லை. நான் அம்மா முகத்தில் பார்த்தது கோபம் இல்லை, சரி. ஆனால் ஏதோ சரியில்லை என்று பத்து வயதில் பார்த்தேனே, அது தப்பில்லை. யார் மேல், எதனால் என்பதில்தான் தவறினேன்.

ஒன்பது பேர் ஒரே திசையில் சொன்னார்கள் என்றால் அவரிடமே போய்க் கேளுங்கள். "நன்றாக வாசித்திருக்கிறாள்" என்பது மாணவியைப் பற்றியது. அவரைப் பற்றி அவர் ஒன்றுமே சொல்லவில்லையே.

---

வெளிச்சம்தேடி எழுதியது:

பத்து நாளாகிவிட்டது, எல்லாருக்கும் நன்றி. சொன்னதையெல்லாம் செய்து பார்த்தேன்.

முதலில் சோதனை. புதிதாக ஆறு பேரிடம் மாணவியின் பதிவைப் பற்றிச் சொல்லிவிட்டு மூன்றாவது படத்தைக் காட்டினேன். நான்கு பேர் 'பெருமை', 'கவனம்', 'பாசம்' என்று போனார்கள். பழைய ஆல்பம் சொன்னது அப்படியே நடந்தது. ஆனால் மீதி இருவர், விஷயம் தெரிந்த பிறகும், சோகம் என்றே சொன்னார்கள். ஒருவர் "சந்தோஷமும் இருக்கிறது, ஆனால் அடியில் ஏதோ இருக்கிறது" என்றார்.

இரண்டாவது படத்தை ஏழடி தள்ளி நின்று திரும்ப எடுத்தேன். ஐம்பது எம்எம், நீங்கள் சொன்னது அவ்வளவு சரி. அதே மனிதர், அதே நேர்ப்பார்வை, இப்போது கம்பீரமாக இருக்கிறது, பயம் போய்விட்டது. எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை அட்டையை வைத்ததில் கண்ணிலும் உயிர் வந்துவிட்டது.

அப்புறம் அவரிடமே போனேன். மூன்றாவது படத்தை முன்னால் வைத்து, பார்த்தவர்கள் சொன்ன வார்த்தைகளை ஒவ்வொன்றாகப் படித்தேன். சிரிப்பார் என்று நினைத்தேன், அமைதியாகிவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து இடது கையை நீட்டிச் சுண்டுவிரலைக் காட்டினார். ஒரு வருடமாக அது சரியாக மடங்குவதில்லையாம். மாணவி அனுப்பிய பதிவில் இருந்தது வேகமாக இறங்கிவரும் ஒரு நீண்ட சுரத்தொடர், அவரே உருவாக்கி அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது. அதை இப்போது அவரால் வாசிக்க முடிவதில்லை. ஆல்பத்தில் அதை எளிமையாக்கித்தான் வாசித்திருக்கிறாராம். இத்தனை வருடப் பழக்கத்தில் என்னிடம் சொன்னதே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து படமெடுத்த எனக்குத் தெரியாதது, முன்பின் தெரியாத ஒன்பது பேருக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. மௌனசுரம், நீங்கள் சொல்லியிருக்காவிட்டால் நான் கேட்டிருக்கவே மாட்டேன்.

நான்காம் தந்தி கேட்ட கைகள் படம்: அதைப் பார்த்தவர்கள் 'வயது', 'உழைப்பு' என்றார்கள், நான்தான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது உற்றுப் பார்த்தால் அந்தச் சுண்டுவிரல் மட்டும் தந்தியிலிருந்து தள்ளி நிற்கிறது. அந்தப் படம் எங்கேயும் வர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், அவர் எதிரிலேயே அழித்துவிட்டேன்.

அட்டைக்கு, தள்ளி நின்று எடுத்த இரண்டாவது படம். மூன்றாவதை உள்பக்கத்தில் போடலாம் என்று அவரே சொன்னார், மாணவியின் பெயர் எழுதியிருக்கும் பக்கத்துக்கு எதிரே. பதிவைப் பற்றியும் விரலைப் பற்றியும் அதன் கீழே ஒரு வரிகூட எழுத வேண்டாமாம். எந்தத் தாளில் அச்சிட்டால் அந்த நிழல் பகுதி முழுக் கறுப்பாக அடைத்துக்கொள்ளாமல் வரும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள், அடுத்த வாரம் அச்சுக்குக் கொடுக்க வேண்டும்.