மாடல் ரயில் எஞ்சினுக்குள் வயரையும் பிளக்கையும் தேடிப் பிடிப்பது: அனுபவப் பகிர்வு

எச்ஓ அளவு (1:87) எஞ்சினின் மூடியைக் கழற்றியதும் வயரின் நிறத்தைப் பார்த்து வேலையைத் தொடங்கிவிடாதீர்கள். என்எம்ஆர்ஏ (அமெரிக்க மாடல் ரயில் சங்கம்) வகுத்த டிசிசி (தண்டவாளம் வழியே எஞ்சினுக்கு டிஜிட்டல் கட்டளை அனுப்பும் முறை) ஒழுங்குப்படி சிவப்பு வலப்பக்கத் தண்டவாளம், கறுப்பு இடப்பக்கம், ஆரஞ்சும் சாம்பலும் மோட்டாருக்கு, வெள்ளை முன்விளக்கு, மஞ்சள் பின்விளக்கு, நீலம் எல்லா விளக்குக்கும் பொதுவான பிளஸ். இதெல்லாம் டீகோடரிலிருந்து, அதாவது கட்டளையைப் படித்து மோட்டாரையும் விளக்கையும் இயக்கும் சின்ன போர்டிலிருந்து, வெளியே வரும் வயருக்குத்தான் பொருந்தும். எஞ்சினுக்குள் ஏற்கனவே கிடக்கும் வயர் எந்த நிறத்திலும் இருக்கலாம். செகண்ட் ஹேண்டில் வாங்கியது என்றால் முன்பு வைத்திருந்தவர் கையில் கிடைத்ததைப் போட்டு ஒட்டியிருப்பார்.

முதலில் எஞ்சினைத் தண்டவாளத்திலிருந்து எடுத்து, டீகோடரையும் டம்மி பிளக்கையும் கழற்றுங்கள். டீகோடர் இல்லாதபோது சாக்கெட்டில் செருகும் டம்மி பிளக் இருந்தால் அது தண்டவாளத்தையும் மோட்டாரையும் நேரடியாக இணைத்துவிடும். பிறகு மீட்டர் காட்டுவதற்கு அர்த்தமே இல்லை. மல்டிமீட்டரை, இணைப்பு இருந்தால் பீப் அடிக்கும் நிலைக்கு மாற்றி, அதன் ஒரு முனையை சாக்கெட்டில் வலப்பக்கத் தண்டவாளத்துக்கான துளையில் வைத்து, மறுமுனையால் வலப்பக்கச் சக்கரங்களை ஒவ்வொன்றாகத் தொடுங்கள். ரப்பர் வளையம் போட்ட சக்கரம் பீப் அடிக்காமல் போகலாம், அது பழுதில்லை. மற்றது ஏதாவது விட்டு விட்டு அடித்தால் அங்கே தொடுதகட்டில் அழுக்கு, அல்லது தகடு வளைந்து சக்கரத்தை விட்டு விலகியிருக்கிறது. ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சி போதும். உப்புத்தாள் வேண்டாம், கீறல் விழுந்த சக்கரத்தில் அழுக்கு இன்னும் சீக்கிரம் பிடிக்கும்.

அடுத்தது மோட்டார். அதற்கு மின்சாரம் கொடுக்கும் இரண்டு பிரஷ்களில் எதுவும் சக்கரத்தோடோ சேசிஸோடோ (எஞ்சினின் உலோக அடிச்சட்டம்) இணைந்திருக்கக் கூடாது. இங்கேதான் பலர் பீப் ஒலியை நம்பி ஏமாறுகிறார்கள். மோட்டாரின் கம்பிச்சுருளின் மின்தடை பெரும்பாலும் 10 முதல் 30 ஓம் வரைதான். பல மீட்டர்கள் அந்த அளவுக்கும் பீப் அடிக்கும். அதனால் ஒரே ஒரு பிரஷ் சேசிஸைத் தொட்டாலும் இரண்டுமே தொடுவது போலத் தெரியும். பீப் நிலையை விட்டு 200 ஓம் ரேஞ்சுக்கு மாற்றுங்கள். ஒரு பிரஷ் 0.3 ஓம், மற்றது 15 ஓம் என்று காட்டினால், சேசிஸைத் தொடுவது 0.3 காட்டும் பிரஷ்தான்.

*

மேலே சொன்ன பிரஷ் சோதனையைப் பழைய எஞ்சின்களுக்குக் கட்டாயம் செய்ய வேண்டும். ஏத்தர்ன் புளூ பாக்ஸ் டீசல் எஞ்சின்களில் மோட்டாரின் கீழ்ப்பக்க பிரஷ் கிளிப் நேரே சேசிஸில் உட்காரும்படிதான் வடிவமைப்பு. டீகோடர் இல்லாத பழைய டிசி முறையில் அதுதான் மின்பாதை. டிசிசிக்கு மாற்றும்போது மோட்டாரைக் கழற்றி, கீழ் கிளிப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் செம்பு நாக்குகளை வெட்டி, வயரை அந்தக் கிளிப்பிலேயே சால்டர் செய்து, சேசிஸின் அடிப்பகுதியில் காப்டன் (Kapton) என்ற சூடு தாங்கும் டேப் ஒட்டி, பிறகு மோட்டாரை வையுங்கள். சாதாரண இன்சுலேஷன் டேப் சூட்டில் பசை இளகி நகர்ந்துவிடும்.

ட்ரையாங், ஹார்ன்பியின் எக்ஸ்04 மோட்டாரில் பிரஷ்களை அழுத்தும் ஸ்பிரிங்கின் ஒரு காலில் மட்டும் இன்சுலேஷன் குழாய் இருக்கும். இன்னொரு கால் வழியாக சேசிஸிலிருந்து மின்சாரம் வரும். அந்தக் காலுக்கும் ஒரு சின்னக் குழாய் மாட்டிவிட்டு, பிரஷ் கையில் தனி வயர் சால்டர் செய்தால் இரண்டும் பிரிந்துவிடும். டீகோடர் வாங்குவதற்கு முன் 12 வோல்ட் கொடுத்து அச்சை ஒரு நொடி விரலால் நிறுத்தி, எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று பாருங்கள். பழைய திறந்த மோட்டார்கள் 1 ஆம்பியரைத் தாண்டுவதுண்டு. அப்படிப்பட்டதில் 1 ஆம்பியர் டீகோடரைப் போடாதீர்கள்.

*

டீகோடர் செருகும் 8 பின் சாக்கெட், அதாவது ஐரோப்பிய மாடல் ரயில் தரமான என்இஎம் 652, பற்றி. பின் இடைவெளி 2.54 மி.மீ. வரிசை: 1 ஆரஞ்சு, 2 மஞ்சள், 3 பச்சை, 4 கறுப்பு, 5 சாம்பல், 6 வெள்ளை, 7 நீலம், 8 சிவப்பு. ஒரு பக்கம் 1 முதல் 4, எதிர்ப்பக்கம் 5 முதல் 8. இந்த பிளக்கைத் திருப்பிச் செருகினாலும் உள்ளே போகும். அப்போது 1ம் 5ம் இடம் மாறுவதால் மோட்டாரின் இரண்டு வயரும், 4ம் 8ம் இடம் மாறுவதால் தண்டவாளத்தின் இரண்டு வயரும் தங்களுக்குள் மாறும். எஞ்சின் ஓடும், ஆனால் தலைகீழ்த் திசையில். நீலம் பச்சையின் இடத்துக்குப் போய்விடுவதால் விளக்கு எரியாது. "பின்னால் ஓடுகிறது, விளக்கும் இல்லை" என்று யாராவது சொன்னால் வயரைத் தொடாமல் பிளக்கைத் திருப்பிப் போடச் சொல்லுங்கள்.

சாக்கெட் போர்டில் மோட்டாருக்குக் குறுக்கே சிறிய கெபாசிட்டர் இருந்தால் அதை எடுத்துவிடுவது நல்லது. மெதுவாக ஓட்டும்போது எஞ்சின் குலுங்குவதற்கு அது ஒரு காரணம்.

*

நடுவே மூன்றாவது மின்பாதை உள்ள தண்டவாளத்தில் ஓடும் மார்க்லின் எஞ்சினில் மேலே சொன்ன நிறப் பட்டியலை அப்படியே பயன்படுத்தினால் டீகோடர் போய்விடும். அங்கே சிவப்பு நடுத்தண்டவாளத்தின் ஸ்லைடர், பழுப்பு சேசிஸ், மோட்டாருக்கு நீலமும் பச்சையும், முன்விளக்கு சாம்பல், பின்விளக்கு மஞ்சள், ஆரஞ்சுதான் பொதுவான பிளஸ். அதாவது என்எம்ஆர்ஏவில் பிளஸ்ஸாக இருக்கும் நீலம் இங்கே மோட்டார், அங்கே மோட்டாரான ஆரஞ்சு இங்கே பிளஸ். ஒரே டப்பாவில் இரண்டு வகை வயரும் கிடந்தால் ஒவ்வொன்றின் நுனியிலும் காகிதத் துண்டில் எழுதி ஒட்டுங்கள்.

விளக்கின் பொது வயர் சேசிஸைத் தொடுகிறதா என்றும் பாருங்கள். பழைய பல்பு ஹோல்டரின் உலோக உறையே சேசிஸில் உட்கார்ந்திருக்கும். என்எம்ஆர்ஏ வகை டீகோடரின் நீலத்தை அங்கே கொடுத்தால் பிளஸ் நேராகத் தண்டவாளத்தில் போய் ஷார்ட் ஆகும். ஹோல்டரைத் தூக்கிவிட்டு எல்இடி போட்டு, 1 கிலோ ஓம் ரெசிஸ்டரைத் தொடரில் சேர்ப்பதே சுத்தமான வழி. நீலம் எல்இடியின் பிளஸ் காலுக்கு.

*

நீராவி எஞ்சினுக்கும் டெண்டருக்கும் (பின்னால் வரும் நிலக்கரிப் பெட்டி) நடுவே வரும் மெல்லிய வயரை விட்டுவிடாதீர்கள். வளைவில் ஒவ்வொரு தடவையும் அது மடங்கும். உள்ளே செம்பு இழை அறுந்திருக்கும், வெளித்தோல் அப்படியே இருக்கும். மீட்டரை இரு முனையிலும் வைத்துக்கொண்டு, பிளக்கிலிருந்து முதல் 5 மி.மீ. பகுதியை இப்படியும் அப்படியும் வளையுங்கள். பீப் விட்டு விட்டு வந்தால் அங்கேதான் முறிவு. பிளக்கைக் கழற்றும்போது வயரைப் பிடித்து இழுப்பதாலும் இது வரும். சின்ன இடுக்கியால் பிளக்கின் உடலைப் பிடியுங்கள்.

பல வயர்களை ஒட்டுப்போட வேண்டுமானால் எல்லா ஒட்டும் ஒரே இடத்தில் வராமல் 5 மி.மீ. தள்ளித் தள்ளி வையுங்கள். சூட்டில் சுருங்கி ஒட்டை மூடும் ஷ்ரிங்க் குழாயை முதலிலேயே வயரில் கோத்துவிடுங்கள்.

*

வேலை முடிந்ததும் எஞ்சினை மெயின் லைனில் வைக்காதீர்கள், டீகோடரின் அமைப்புகளைப் படிக்கவும் எழுதவும் வைத்திருக்கும் தனித் தண்டவாளமான புரோகிராமிங் டிராக்கில் வையுங்கள். அங்கே மின்சாரம் குறைவாகத்தான் போகும் என்பதால் எங்காவது ஷார்ட் இருந்தாலும் டீகோடர் பெரும்பாலும் தப்பிக்கும். சிவி 1ஐ, அதாவது டீகோடரின் முகவரி எண்ணை, படியுங்கள். புது டீகோடர் என்றால் 3 என்று வர வேண்டும். டீகோடர் பதில் சொல்வதே மோட்டாரை ஒரு கணம் இயக்கி, சுமார் 6 மில்லி செகண்டுக்கு 60 மில்லி ஆம்பியர் கூடுதலாக இழுத்துத்தான். ஆகவே எழுத முடிகிறது, படிக்க முடியவில்லை என்றால் முதலில் ஆரஞ்சையும் சாம்பலையும் பாருங்கள். எழுதவே முடியவில்லை என்றால் சிவப்பு, கறுப்பு பக்கம் போங்கள்.

தண்டவாளத்தில் வோல்டேஜ் பார்க்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. டிசிசி சிக்னல் பல கிலோஹெர்ட்ஸ் வேகத்தில் மாறும் சதுர அலை. சாதாரண மீட்டரின் ஏசி ரேஞ்ச் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸுக்காக அமைத்தது. அது 14 என்றோ 17 என்றோ காட்டுவதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், அதே மீட்டரால் லைனின் இரண்டு இடங்களில் அளந்து வித்தியாசத்தை மட்டும் ஒப்பிடுங்கள்.