தொங்கு ஃபில்டரின் இரவுச் சத்தமும் சண்டை மீனைத் தள்ளும் நீரோட்டமும்: உதவி தேவை

கேள்வி:
வணக்கம். சிங்கப்பூர் ஈசூனில் மூவறை வீட்டில் குடியிருக்கிறோம். வரவேற்பறையில் 30 லிட்டர் தொட்டியில் ஒரு சண்டை மீனை வளர்க்கிறேன். பாட்டி படுப்பதும் அங்கேதான். கண்ணாடி விளிம்பில் தொங்கும் ஃபில்டர் சென்ற மாதம்வரை அமைதியாக ஓடியது. இப்போது தண்ணீர் கொட்டும் சலசலப்போடு, டின்னில் கூழாங்கல்லைக் குலுக்குவதுபோல் ஒரு கடகடப்பும் கேட்கிறது. நீர் விழும் வேகத்தைத் தாங்க முடியாமல், மீன் வெப்பமானிக்கும் கண்ணாடிக்கும் இடையில் செருகிக்கொண்டு நிற்கிறது. பாட்டியின் தூக்கத்துக்காக இரவு பத்து மணிக்கு ஃபில்டரை நிறுத்திவிடுகிறேன். இது சரியா?

மறுமொழி 1:
இரவில் நிறுத்துவதை இன்றே விட்டுவிடுங்கள். சண்டை மீன் மேலே வந்து காற்றைக் குடித்துக்கொள்ளும். ஆனால் ஸ்பாஞ்சில் இருந்துகொண்டு மீன் கழிவின் அம்மோனியாவைச் சிதைக்கும் நுண்ணுயிரிகளுக்கு, ஓடும் நீர் கொண்டுவரும் ஆக்சிஜனைவிட்டால் வேறு வழியில்லை.

நீங்கள் கேட்பது இரண்டு தனித்தனிச் சத்தங்கள். சலசலப்புக்குக் காரணம் பெரும்பாலும் நீர்மட்டம் இறங்கியதே. நம் ஊர் வெக்கைக்குத் தொட்டிமேல் மின்விசிறி வைத்திருந்தால் நீர் இன்னும் விரைவாக ஆவியாகும். ஃபில்டர் வாயின் கீழ்விளிம்பு வரை நிரப்புங்கள். மீன் துள்ளி வெளியே விழாதபடி மூடியும் இருக்கட்டும்.

கடகடப்பு இம்பெல்லரிலிருந்து, அதாவது நீரை இறைக்கும் சிறு சுழல்விசிறியிலிருந்து வருகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகு அதைக் கழற்றி, அது உட்காரும் குழியைப் பழைய பல்துலக்கியால் தேய்த்து, மணலோ நத்தை ஓட்டுத் துண்டோ சிக்கியிருக்கிறதா என்று விரல்நுனியால் தடவிப் பாருங்கள். திரும்ப மாட்டும்போது ஃபில்டர் பெட்டியில் நீர் நிரப்பிய பின்னரே பிளக்கைப் போடுங்கள். உள்ளே காற்று அடைந்திருந்தாலும் இதே சத்தம்தான் வரும். ஸ்பாஞ்சைக் குழாய்நீரில் கழுவ வேண்டாம். சிங்கப்பூர்க் குழாய்நீரில் உள்ள குளோரமின் என்னும் கிருமிநாசினி அந்த நுண்ணுயிரிகளையும் கொல்லும், ஒரு நாள் திறந்து வைத்தாலும் போய்விடாது. தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே பிழியுங்கள். புதிதாக ஊற்றும் நீருக்கும் குளோரின் நீக்கி சேருங்கள்.

மறுமொழி 2:
வேகத்துக்கு என் வழி இது: நீர் உறிஞ்சும் குழாயின் முனையில் பெரிய துளைகள் கொண்ட ஸ்பாஞ்சைச் செருகினால் ஓட்டம் தணியும், மீனின் துடுப்பும் மாட்டாது. நெருக்கமான ஸ்பாஞ்சு வேண்டாம், அது அடைத்துக்கொண்டு மோட்டாரைத் திணறவைக்கும். நீர் விழும் வாயில் இன்னொரு துண்டை நூலால் கட்டினால், பாய்ச்சல் கசிவாக மாறிவிடும். வாரம் ஒருமுறை இரண்டையும் பிழியாவிட்டால் நீர் பெட்டிக்குள் வேறு வழியாகத் திரும்பிவிடும்.

கேட்டவர்:
குழிக்குள் மிளகளவு நத்தை ஓடு ஒன்று கிடந்தது, கடகடப்பு போய்விட்டது. நீர்மட்டம் மூன்று விரற்கடை இறங்கியிருந்ததையும் நிரப்பினேன். மீன் இப்போது தொட்டியின் நடுவில் நீந்துகிறது. ஆனால் மெல்லிய ரீங்காரம் ஒன்று மட்டும் நிற்கவில்லை.

மறுமொழி 1:
ஃபில்டரின் அடிப்பகுதி கண்ணாடியில் உரசுகிறதா என்று பாருங்கள். கையால் சற்றுத் தள்ளிப் பிடிக்கும்போது ரீங்காரம் நின்றால், பழைய சிலிப்பரிலிருந்து கட்டைவிரல் அகலத்துக்கு ரப்பர் வெட்டி, நீர்மட்டத்துக்கு மேலே இடையில் செருகுங்கள்.