பிணைபெட்டியா, பகிர்பெட்டியா?

வணக்கம் நண்பர்களே.

டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு, அதாவது நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியில் கியர்பாக்ஸிலிருந்து வரும் சுழற்சியை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் கொண்டுபோகும் பெட்டிக்கு, தமிழ்ச் சொல் கேட்டுத் தொடங்கிய இழையில் இதுவரை மூன்று பரிந்துரைகள் வந்திருக்கின்றன: மாற்றுப் பெட்டி, இணைப்புப் பெட்டி, பகிர்பெட்டி. பெரும்பாலோர் பகிர்பெட்டியின் பக்கம் சாய்ந்துவிட்டீர்கள். போன மாதம் வரை நானும் அதே கட்சிதான். என் மச்சினன் ஜீப்பை எடுத்துக்கொண்டு மேலே போய்வந்த அன்று கட்சி மாறினேன்.

முதலில் வண்டி. பழைய சி.ஜே. 3பி ஜீப். பானட் தூக்கலாக, மூக்கு உயர்ந்து இருக்குமே, அதேதான். வில்லிஸ் கம்பெனி அதற்கு வைத்த ஹரிகேன் எஞ்சின் முந்தையதைவிட உயரம். அது உள்ளே அடங்குவதற்காகவே பானட்டை உயர்த்தினார்கள். என் வண்டியில் அந்தப் பெட்ரோல் எஞ்சின் போய் டீசல் வந்து வெகுகாலம் ஆகிறது. ஆனால் கியர்பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸும் அதன் இரண்டு சின்ன லீவர்களும் அப்படியே இருக்கின்றன. ஒரு லீவர் முன் அச்சைச் சேர்க்கவும் விடவும். இன்னொன்று ஹை, நியூட்ரல், லோ. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கீழே படுத்து கிரீஸ் அடிப்பதும் ஒழுகும் ஆயிலைத் துடைப்பதும் இதற்காகத்தான். வீட்டில் இதற்கு வேறு பெயர் இருக்கிறது. அது கலைச்சொல் அல்ல.

வீடு கம்பத்தில். மனைவி வீட்டாருக்கு மலைக்கு மேலே, கேரளத்தில் வண்டன்மேட்டுப் பக்கம் கொஞ்சம் ஏலத்தோட்டம். ஜூன் மாதத்தில் இந்த எல்லையைக் கடந்தவர்களுக்குத் தெரியும்: மெட்டுக்கு (மலையேறி எல்லை கடக்கும் இடம்) அந்தப் பக்கம் கொட்டோ கொட்டென்று கொட்டும், இந்தப் பக்கம் இறங்கினால் தார் ரோட்டில் அனல் பறக்கும். தென்மேற்குப் பருவமழையை மலை மறித்துக்கொள்கிறது, நமக்குக் காற்று மட்டும்தான் மிச்சம். அரை மணி நேரத்தில் சேற்றிலிருந்து காய்ந்த தாருக்கு வந்துவிடலாம்.

மச்சினன் தோட்டத்துச் சேற்றில் முன் அச்சைச் சேர்த்திருக்கிறான். சரி. அப்படியே கம்பம்மெட்டு வந்து, அதே நிலையில் கொண்டை ஊசி வளைவுகள் அத்தனையும் இறங்கிக் கம்பம் வரை வந்துவிட்டான். வீட்டு வாசலில் லீவர் வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தும் அசையவில்லை. ஏன்டா விடவில்லை என்று கேட்டேன். "நீங்கதானே மாமா சொன்னீங்க, நாலு சக்கரத்துக்கும் பவரைப் பகிர்ந்து கொடுக்கிற பெட்டின்னு. பகிர்ந்தா நல்லதுதானே?" என்றான்.

சொல்லிக் கொடுத்தவன் நான். சொன்ன சொல், நாம் இங்கே கொண்டாடிக்கொண்டிருக்கும் அதே 'பகிர்'.

இந்தப் பெட்டி எதையும் பகிர்வதில்லை. முன்பக்கம் போகும் ஷாஃப்டையும் பின்பக்கம் போகும் ஷாஃப்டையும் ஒரே வேகத்தில் சுற்றும்படி கட்டிப் போடுகிறது. நேரே போகும்போது தெரியாது, திரும்பும்போது தெரியும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சி.ஜே. 3பியின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைவெளி 80 அங்குலம், அதாவது 2 மீட்டருக்குச் சற்று மேல். பின் அச்சின் நடுப்புள்ளி 5 மீட்டர் ஆரத்தில் வளைந்தால் முன் அச்சின் நடுப்புள்ளி ஏறத்தாழ 5.4 மீட்டர் ஆரத்தில் போகும். ஒரு கொண்டை ஊசியை அரை வட்டம் என்று கொண்டால் பின்பக்கம் 15.7 மீட்டர், முன்பக்கம் கிட்டத்தட்ட 17 மீட்டர். ஒன்றேகால் மீட்டர் வித்தியாசம். டயரின் சுற்றளவு சுமார் 2.25 மீட்டர். ஆக ஒரே வளைவில் முன் சக்கரங்கள் அரைச் சுற்றுக்கு மேல் கூடுதலாகச் சுற்றியாக வேண்டும். பெட்டியோ விடாது.

சேறாக இருந்தால் டயர் சறுக்கிக் கணக்கைத் தீர்த்துவிடும். காய்ந்த தாரில் சறுக்க முடியாமல் ஷாஃப்டும் பல்சக்கரமும் ஜாயிண்டும் முறுக்கேறிக்கொண்டே போகும். ஸ்டீயரிங் கனக்கும், டயர் கீச்சிடும். அந்த முறுக்கு முழுவதும் லீவர் நகர்த்த வேண்டிய பல்லை அழுத்திப் பிடித்திருப்பதால்தான் லீவர் வராது.

புத்தடிப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் ஆசானைப் போனில் கூப்பிட்டேன். பத்து மீட்டர் பின்னால் எடுக்கச் சொன்னார். எடுத்தோம். 'டக்' என்று ஒரு சத்தம், லீவர் தானாக வந்ததுபோல் வந்துவிட்டது. கதையைக் கேட்டுச் சிரித்தவர், "அபத்தம் பிணஞ்ஞல்லோ சாரே" என்றார். தப்பாகிப் போச்சு என்பதற்கு மலையாளத்தில் அப்படிச் சொல்வார்கள். பிணைதல் நம் சொல்லும்தான். அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது: பிணைபெட்டி.

இதைச் சுருக்கமாக இரண்டு நாள் முன்பு இங்கே எழுதினேன். மறுப்புகள் வந்தன, ஒவ்வொன்றாக வருகிறேன்.

பிணை என்றால் ஜாமீன் ஆயிற்றே என்றார் ஒருவர். பிணைப்பெட்டி என்று ப் போட்டு எழுதினால் அவர் சொல்வது சரி, நீதிமன்றத்தில் ஜாமீன் பணம் போடும் உண்டியல் மாதிரி இருக்கிறது. நான் சொல்வது வினைத்தொகை. பிணைத்த, பிணைக்கின்ற, பிணைக்கும் பெட்டி. வினைத்தொகையில் வல்லினம் மிகாது: ஊறுகாய், சுடுகாடு, பிணைபெட்டி. ஒற்று இல்லாததே பொருளைக் காப்பாற்றுகிறது. தட்டச்சு செய்யும்போது மட்டும் கவனமாக இருங்கள், என் போனே இரண்டு தடவை ப் போட்டுவிட்டது.

களத்தில் கதிர் மிதிக்கக் கயிற்றால் சேர்த்துக் கட்டிப் பிணையல் விட்ட மாடுகளை அந்தப் பதிவில் உவமையாகச் சொல்லியிருந்தேன், அதற்கும் ஒரு மறுப்பு. உள்மாடு குறைவாக நடக்கும், வெளிமாடு கூடுதலாக நடக்கும், மாடுகள் அதைச் சமாளித்துக்கொள்கின்றனவே, அது டிஃபரன்ஷியலுக்கு (இரண்டு பக்கமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கர அமைப்பு) அல்லவா பொருந்தும் என்று கேட்டிருந்தார். ஒப்புக்கொள்கிறேன், உவமை அச்சுக்கு அச்சு பொருந்தவில்லை. ஆனால் உள்மாடு எத்தனை அடி வைக்கிறதோ அத்தனை அடிதான் வெளிமாடும் வைக்கலாம் என்று ஒருவன் அதட்டிக்கொண்டிருந்தால் தாம்புக் கயிறு என்ன பாடுபடும்? கம்பம் வாசலில் என் ஷாஃப்ட் பட்ட பாடு அது.

மூன்றாவது மறுப்பு கனமானது. பெட்டி லோ ரேஞ்சையும் தருகிறது, வேகத்தை ஏறத்தாழ இரண்டரையில் ஒரு பங்காகக் குறைத்து இழுவையைக் கூட்டுகிறது. பெயரில் அது எங்கே? எங்கேயும் இல்லைதான். அரிவாள்மணை அரிவதை மட்டும்தான் சொல்கிறது, தேங்காய் துருவுவதும் அதிலேதான். போதாக்குறைக்கு, என் பெட்டியில் முன் அச்சைப் பிணைக்காமல் லோ விழவே விழாது. உள்ளே அப்படி ஒரு தடுப்பு வைத்திருக்கிறார்கள். முறுக்கு முழுவதும் பின் அச்சு மேலேயே விழுந்து உடைந்துவிடக் கூடாதே.

மற்ற இரண்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இணைப்புப் பெட்டி என்றால் கரண்டுக்காரர் வந்து நிற்பார். மாற்றுப் பெட்டி இன்னும் ஆபத்து: வேறு பெட்டி மாற்றி வைத்ததுபோல் ஒலிக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வண்டியின் மூல அமைப்பை மாற்றுவது பற்றியது. பழைய வண்டிக்கு எஃப்.சி. (தகுதிச் சான்று) எடுக்கப் போகும்போது நம் வாயாலேயே 'மாற்று' என்று ஏன் சொல்ல வேண்டும்?

பகிர்பெட்டியைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. 1970இல் வந்த ரேஞ்ச் ரோவர் மாதிரி எப்போதும் நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிகளில் பெட்டிக்குள்ளேயே நடுவில் ஒரு டிஃபரன்ஷியல் இருக்கும். முன்னும் பின்னும் வெவ்வேறு வேகத்தில் சுற்றலாம். அது நியாயமாகப் பகிர்கிறது, அதற்கு அந்தப் பெயர் இருக்கட்டும். ஆங்கிலத்தில் ஒரே சொல்தானே என்று ஒருவர் கேட்கக் கூடும். அவர்களுக்கு மாமாவும் சித்தப்பாவும் ஒரே சொல்தான், அதற்காக நாம் ஒன்றை விட்டுவிட்டோமா? ஆனால் ஒரு சிக்கல் உண்டு: இரண்டுக்கும் பொதுவாக நம் கலைச்சொல் அட்டவணைத் தலைப்பில் என்ன போடுவது? எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

முறுக்கேறும் அந்த நிலைக்கு பிணைமுறுக்கு என்று வைக்கலாமா? வெறும் முறுக்கு என்றால் டார்க்கோடு, அதாவது எஞ்சினின் சுழற்று விசையோடு, குழம்பும். இதற்கு வளைவுகூட வேண்டாம். முன்னால் இரண்டு புது டயர், பின்னால் இரண்டு தேய்ந்த டயர் என்று சிக்கனம் பிடித்தால் நேர்ச்சாலையிலேயே வரும். ஆரத்தில் 5 மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தால் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 14 மீட்டர் இடிக்கும். போன வருடம் நான் அந்தச் சிக்கனமும் பிடித்திருக்கிறேன்.

முன் சக்கரத்தை அதன் ஷாஃப்டோடு பூட்டவும் விடவும் உதவும் லாக்கிங் ஹப்புக்கு பூட்டுக்குடம். மாட்டு வண்டிச் சக்கரத்தின் நடுவில் இருப்பது குடம்தானே. இதில் யாருக்கும் சண்டை இருக்காது என்று நினைக்கிறேன்.

லீவருக்குப் பக்கத்தில் இருந்த பழைய தகடு துருப்பிடித்து எழுத்து போய்விட்டது. புதிதாக வெட்டி, மேலே 'பிணை', கீழே 'விடு' என்று வெள்ளை பெயிண்டில் எழுதி வைத்திருக்கிறேன். மச்சினன் அடுத்த வாரம் மறுபடி வண்டி கேட்டிருக்கிறான். தார் ரோடு வந்ததும் விடுகிறானா என்று பார்த்துவிட்டு எழுதுகிறேன். அதற்குள் பொதுத் தலைப்புக்கு யாருக்காவது சொல் தோன்றினால் இங்கேயே போடுங்கள்.