சொந்தத் தொழிலில் மனம் ஓய்ந்துபோன நாள்: உங்கள் அனுபவம்

பாளையங்கோட்டை, அச்சகம்

ஆவணி முகூர்த்தப் பத்திரிகைகள் குவிந்து கிடந்த ஓர் இரவில் மின்சாரம் நின்றது. ஆப்செட் இயந்திரத்தின் ஓசை அடங்கிய பிறகும், இருட்டில் என் வலக்கை காகிதக் கட்டை விசிறிக்கொண்டே இருந்ததை நெடுநேரம் கழித்துத்தான் உணர்ந்தேன். மின்சாரம் திரும்பவே கூடாது என்று அப்போது மனமார வேண்டினேன். பதினாறு ஆண்டுகளாக ஆசையோடு நடத்திவரும் தொழில் இது. அந்த வேண்டுதல் இன்றும் உறுத்துகிறது.

கல்லிடைக்குறிச்சி, அப்பளம்

வெயிலை நம்பிய தொழில் என்பதால், ஐப்பசி கார்த்திகை அடைமழையில் எங்களுக்கு ஓய்வு தானாகவே கிடைத்துவந்தது. கடன் வாங்கி உலர்த்தும் இயந்திரம் வைத்த பின் மழை நாளிலும் உளுந்து மாவு பிசைகிறோம். "மழைதான பெய்யுது, இன்னும் ஏம்மா உக்கார மாட்டுக்க?" என்று மகள் வாசற்படியில் நின்று கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. அச்சக அண்ணாச்சிக்கு மின்சாரமாவது நின்றது.

மேலப்பாளையம், மருந்துக்கடை

மருத்துவர் சீட்டை மூன்று முறை படித்தும் மருந்தின் பெயர் மனத்தில் பதியாத இரவு எனக்கும் உண்டு. கடையை அப்போதே மூடிவிட்டேன். ஆயினும் அண்ணாச்சி, மின்தடையை எதிர்பார்த்திருப்பது சரியன்று. 1947-ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் நம்மிடம் வேலை பார்ப்பவருக்கு வார விடுமுறை தருகிறது. நமக்கு நாமேதான் அதை எழுதிக்கொள்ள வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் இந்தச் சோர்வை விளக்கியபோது, நோய் என்று சொல்லாமல், தீர்க்கப்படாமல் நீண்டுகொண்டே போகும் பணி அழுத்தத்தின் விளைவு என்றது. உடல் அசதியோடு, தொழிலிலிருந்து மனம் விலகுவதையும் அதன் அடையாளமாகக் குறித்தது. ஆகவே பளுவைக் குறையுங்கள். ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாய்க்குள் இருந்தால், 2021 முதல் ஜிஎஸ்டி கணக்கை மூன்று மாதங்களுக்கு ஒருமுறை தாக்கல் செய்யலாம். வரியை மட்டும் மாதந்தோறும் கட்ட வேண்டும். இரவு 9 மணிக்குப் பின் வரும் வாட்ஸ்அப் ஆர்டருக்கு மறுநாள் பதில் அனுப்புங்கள். அக்கா, நீங்களும் மழை நாளில் இயந்திரத்தை நிறுத்திவிடலாமே.

கல்லிடைக்குறிச்சி, அப்பளம்

தம்பி, இயந்திரம் நிற்கும், தவணை நிற்காது. மூன்று பெண்களின் கூலியும் அதிலிருந்துதான் வருகிறது. எனவே மழையோ வெயிலோ, செவ்வாய்க்கிழமை மாவு பிசைவதில்லை என்று இவ்வாண்டு முடிவெடுத்தோம். சென்ற செவ்வாயன்று சுள்ளென்று வெயில் அடித்தது. மகள் என் மடியில் தலைவைத்து உறங்கினாள். நானோ வெறுமையாய்க் கிடந்த மொட்டைமாடியையே நினைத்துக்கொண்டிருந்தேன்.